சனிக்கிழமை இரவுத் துணி

எங்கள் ஊர்ப் பெயருக்குப் படகு என்று அர்த்தம்.
சொல்லிக்கொள்ள ஓர் ஆறு கிடையாது.
இருந்த ஓடைகளில் ஆலைக்காரர்கள் சாயத்தைக் கொட்டினார்கள்,
பிறகு சாலைக்கடியில் புதைத்தார்கள்,
பிறகு ஆலைகளும் போயின.
நகராட்சி முத்திரையில் மட்டும்
தண்ணீரில்லாமல் நிற்கிறது படகு.

வூச் நகரம். மருத்துவமனைச் சலவைக்கூடம். நிலவறை.
இரவு ஒன்பது முதல் காலை ஐந்து வரை,
பதினேழு வருஷமாக நான், கிராழினா.
எதிர்முனையில் ஒக்சானா,
போர் தொடங்கிய மாதம் கார்கிவிலிருந்து
ஒரு பூனையோடு வந்தவள்.
இருவரும் விரிப்பை உதறும்போது
நடுவே ஒரு வெள்ளை வயிறு
உப்பி, அடங்கும்.

துணிக்கு ரகசியம் காக்கத் தெரியாது.
அயோடின் எது, பீட்ரூட் சூப் எது,
பச்சைக்குழந்தையின் முதல் கறுப்பு மலம் எது,
மூக்கே சொல்லிவிடும்.
சில விரிப்புகளில் ஒன்றுமே இருக்காது.
யாரோ சத்தமில்லாமல் போயிருப்பார்கள்.
கனப்பது அவைதான்.

உறைகளுக்குள் சிக்கி வருபவை:
பல்செட், ஜெபமாலை, பாதி கடித்த பிஸ்கட்.
ஒருமுறை ஒரு சீட்டு,
‘சாவி பூந்தொட்டிக்குக் கீழே’.
யாருக்கு எழுதியதோ.
இன்னும் என் கோட்டுப் பையில் இருக்கிறது.

காலையில் மேலே போவது
இரவில் கீழே வந்துவிடும்.
துவைத்ததையே துவைக்கிறேன்,
மடித்ததையே மடிக்கிறேன்.
வலது மணிக்கட்டில் ஓர் ஆணி இறங்கியது போல.
ஆண்டவரே, சுமந்து சோர்ந்தவர்களை
வரச் சொன்னீராம்.
வரலாம்தான்.
ஷிப்ட் மாற்றிக்கொள்ள ஆளில்லை.
வந்த ஞாயிறுகளிலும்
பாதிப் பிரசங்கத்தில் குறட்டை விட்டேன்,
பக்கத்து இருக்கைக்காரி முழங்கையால் இடித்தாள்.

இந்தச் சனிக்கிழமை இரவு
உருளை இஸ்திரி நின்றுபோனது.
நானூறு விரிப்பு, கையாலேயே.
முட்டைக்கூடையை மந்திரிக்கக் கொண்டுபோகவில்லை,
முட்டையே அவிக்கவில்லை.
ஐந்து மணிக்குப் பிளீச்சிங் வாடையோடு
நேரே கோயிலுக்கு நடந்தேன்.
உயிர்ப்புப் பவனி மூன்று சுற்று.
என் முழங்கால் ஒன்றுக்குத்தான் சம்மதித்தது.
உள்ளே போய் ஹீட்டர் ஓரம் உட்கார்ந்தேன்.
கண் செருகியது.

இளம் குருவானவர் வாசித்துக்கொண்டிருந்தார்.
கல் புரண்டுகிடந்தது, கேட்டேன்.
இருவர் ஓடினார்கள், கேட்கவில்லை.
துணி என்றதும் விழித்துக்கொண்டேன்.
தலையில் கட்டியிருந்த துணி
மற்றதோடு கிடக்காமல்
தனியே, ஓரிடத்தில், சுருட்டி.

ஐம்பத்திமூன்று ஈஸ்டர்.
எத்தனை முறை காதைக் கடந்து போயிருக்கும் இது!
சுருட்டியதோ மடித்ததோ,
என்னைக் கேளுங்கள்,
ஒரு கை பட்டிருக்கிறது அதில்.
சாவையே உதறி எழுந்தவருக்கு
வெளியே விடியல் காத்திருக்க
என்ன அவசரமில்லாமை!
மணிக்கட்டில் அந்தக் காயத்தோடு
முனையைத் தேடி முனையோடு சேர்த்து
தட்டிச் சமன்செய்து வைத்துவிட்டு
அப்புறம்தான் போனார்.
மேற்பார்வையாளர் யாரும் இல்லை.
கணக்கெடுப்பவரும் இல்லை.

குருவானவர் வேறு எதையோ விளக்கப் போய்விட்டார்.
நான் மறுபடி தூங்கினேன்,
இந்தமுறை வெட்கப்படாமல்.
புயலில் படகின் பின்பக்கம்
தலையணையில் தலைவைத்து உறங்கியவர்தானே.
அந்தத் தலையணையை யார் துவைத்தார்களோ!
ஹீட்டர் முனகியது.
தண்ணீரில்லாத எங்கள் படகு
கொஞ்சம் அசைந்தது போலிருந்தது.
முழங்கை இடிக்கவில்லை.
எழுந்தபோது மடியில்
காகிதக் கைக்குட்டையில் பொதிந்த கால் முட்டை.

திங்கள் இரவு இஸ்திரி ஓடியது. மணிக்கட்டு வலித்தது.
ஒக்சானாவின் ஈஸ்டருக்கு இன்னும் ஒரு வாரம்,
நான் எதுவும் விளக்கவில்லை.
மூன்றாவது வண்டியில்
கறையே இல்லாத ஒரு விரிப்பு வந்தது.
அவள் அதை உருளைப் பக்கம் இழுத்தாள்.
‘இரு,’ என்றேன்.
‘இது கையால்.’